திரும்பி வருவதில் வெட்கமில்லை

மாசி மாதம் பிறந்துவிட்டால் நோர்வே நாட்டுப் பாடசாலைப் பிள்ளைகளின் பேச்செல்லாம் பனிச்சறுக்கலைப் பற்றியதாகவே இருக்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் சைக்கிள் ஓடப் பழகுவதுபோல, அங்குள்ள பிள்ளைகள் சிறுவயதிலேயே காலில் சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டு பனியில் ஓடப் பழகிவிடுகிறார்கள். வகுப்பாகச் சேர்ந்து ஓரிரு இரவுகள் மலையில் தங்கி வருவதும் அங்கு வழக்கம்.

2018ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒருநாள், பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகள் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அடுத்த மாசியில் மூன்று நாட்கள், இரண்டு இரவுகள் மலைக்குப் பயணம். 22 மாணவர்கள், மூன்று ஆசிரியர்கள். பெற்றோரின் கையெழுத்து வேண்டும்.

அந்தக் கடிதம் இரண்டு கிழமைகள் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

கையெழுத்திடாத கடிதம்

பனிக்குப் பயந்து நான் கையெழுத்திடாமல் இருக்கவில்லை. பிள்ளை கண்ணுக்கு எட்டாத இடத்துக்குக் கூட்டமாகப் போகிறாள் என்பதே என்னைத் தடுத்தது. 1995 ஐப்பசி 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது நாங்களும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தவர்கள். மழை, இருட்டு, அடிமேல் அடிவைக்கும் சனம். அம்மா நூறு அடிக்கு ஒருமுறை எங்கள் ஐந்து பேரின் தலையையும் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார். ஒரு தடவை எண்ணியபோது நாலுதான் இருந்தது. கடைசித் தம்பியைக் காணவில்லை.

இந்த இதழை வாசிக்கும் சகோதரிகள் பலருக்கு இதற்குமேல் நான் விளக்கத் தேவையில்லை. எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும், எந்த நாட்டில் இருந்தாலும், கூட்டத்தில் பிள்ளையின் கையை விடுவது நமக்கு இலேசான காரியமல்ல.

மகள் கோபிக்கவில்லை. “அம்மா, கூட்டத்துக்கு ஒருக்கா வந்து கேளுங்கோவன். பிறகு வேண்டாமெண்டால் நான் போகேல்லை” என்றாள். அதனால் பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன்.

பெற்றோர் கூட்டத்தில்

பாடசாலை தன் பெருமையைச் சொல்லும், நாங்கள் தலையாட்டிவிட்டு வருவோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வகுப்பாசிரியை முதலில் பேசியது போவதைப் பற்றியல்ல, திரும்பி வருவதைப் பற்றி. எந்த நேரத்துக்குப் பிறகு முன்னேறிப் போகமாட்டோம், யாருக்காவது காயம்பட்டால் யார் அவருடன் நிற்பார், யார் உதவி கேட்பார், எந்தப் பாதையால் போகிறோம் என்பது யாரிடம் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும் என்பவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

திட்டத்தை மாணவர்களே தயாரிக்கவேண்டும் என்பது இரண்டாவது செய்தி. வகுப்பு ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு குழுவுக்குப் பாதை, ஒன்றுக்குக் காலநிலை, ஒன்றுக்கு உணவு, ஒன்றுக்கு மருந்தும் உபகரணங்களும், மற்றொன்றுக்கு மாலைப்பொழுது. ஆசிரியர்கள் பிழைகளைத் திருத்துவார்கள், இறுதி முடிவும் அவர்களுடையதே. ஆனால் வரைபடத்தை விரித்துவைத்துத் தலையைச் சொறிவது பிள்ளைகளின் வேலை.

“உதவிக்கு ஒரு பெற்றோர் வந்தால் நல்லது” என்று ஆசிரியை சொன்னபோது யாரும் கையுயர்த்தவில்லை. என் கை எப்படி உயர்ந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. அப்போது எனக்கு 41 வயது. சறுக்குப் பலகையைத் தொட்டும் பார்த்திராதவள்.

பணம் எங்கிருந்து வரும்?

நோர்வேயில் அடிப்படைக் கல்வி இலவசம். பாடசாலை நடத்தும் பயணத்துக்கும் இவ்வளவு கட்டினால்தான் வரலாம் என்று பெற்றோரிடம் கேட்க முடியாது. வசதியில்லாத பிள்ளை வீட்டில் நிற்கக்கூடாது என்பதே இதன் நோக்கம். மேலதிகச் செலவுக்கு வகுப்பே உழைக்கும். ‘டுக்னாட்’ என்ற சொல் அங்கு எல்லோர் வாயிலும் வரும். நம் நாட்டுச் சிரமதானம் போன்றது அது. பிள்ளைகள் வாஃபிள் என்னும் தட்டை அப்பம் சுட்டு விற்றார்கள். வீடு வீடாகக் கழிவறைக் கடதாசிச் சுருள் விற்றார்கள். வந்த பணமெல்லாம் ஒரே பொதுப்பெட்டிக்குள். யார் எவ்வளவு சேர்த்தார் என்று பெயர் எழுதும் வழக்கமில்லை.

சறுக்குப் பலகை, அதற்கான சப்பாத்து, ஊன்றுதடி எல்லாம் புதிதாக வாங்கினால் பெருந்தொகை முடியும். புத்தகம் இரவல் தரும் நூலகம்போல விளையாட்டுப் பொருட்களை இலவசமாக இரவல் தரும் நிலையங்கள் அங்கு பல ஊர்களில் இருக்கின்றன. 2014இல் தொடங்கப்பட்ட ‘பூஆ’ என்ற அமைப்பு இதனை நாடெங்கும் ஒழுங்குபடுத்துகிறது. எனக்கும் மகளுக்கும் அங்குதான் எடுத்தோம். ஆளின் உயரத்தைவிடப் பலகை 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரை நீளமாக இருந்தால் பொருந்தும் என்று அங்கிருந்தவர் அளந்து தந்தார்.

விழவும் எழும்பவும் பழகுதல்

தை மாதத்தில் பாடசாலைக்குப் பின்னாலுள்ள காட்டில், மின்விளக்குப் போட்ட பனிப்பாதையில், நாலு மாலைகள் பயிற்சி நடந்தது. முதல் நாள் முழுவதும் விழுவதற்கே பழக்கினார்கள். வேகம் கூடிவிட்டால் பயந்து விறைத்து நிற்காமல், ஒரு பக்கமாகச் சரிந்து இருந்துவிட வேண்டும். எழும்பும்போது இரண்டு பலகைகளையும் சரிவுக்குக் குறுக்காக வைத்து, முழங்காலில் நின்று, பிறகு மெல்ல எழவேண்டும். பலகையின் முனை சரிவின் கீழ்ப்பக்கம் பார்த்திருந்தால் எழும்பும் முன்பே அது நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஏறும்போது பலகைகளின் பின்முனைகளைச் சேர்த்து, முன்முனைகளை விரித்து, மீன்முள்ளின் வடிவில் அடிவைத்து ஏறவேண்டும். இறங்கும்போது அதற்கு மறுபக்கம். முன்முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி அழுத்தினால் வேகம் குறையும். அன்று நான் எண்ணிப் பார்த்தவரையில் பதினேழு தடவை விழுந்தேன். சோமாலியாவிலிருந்து வந்த ஒரு மாணவி என்னைவிட அதிகம் விழுந்தாள். இரண்டு பேரும் ஒருவர் கையை மற்றவர் பிடித்துக்கொண்டு சிரித்ததில் எனக்கிருந்த கூச்சமெல்லாம் போய்விட்டது.

உடுப்பும் உணவும்

வெயில் நாட்டில் பிறந்த நமக்குப் பருத்தியே நல்ல உடுப்பு. பனியில் அதுவே எதிரி. பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். நடை நின்றதும் அந்த ஈரம் உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். ஆகவே தோலோடு ஒட்டி மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன்மேல் தடித்த கம்பளிச் சட்டை, வெளியே காற்றுப் புகாத மேற்சட்டை என மூன்று அடுக்கு. ஓர் இணைக் காலுறையும் ஓர் இணைக் கையுறையும் மேலதிகமாகப் பையில் இருக்கவேண்டும்.

குளிரைவிடக் காற்றே பொல்லாதது என்பதைக் காலநிலைக் குழுப் பிள்ளைகள் விளக்கினார்கள். வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை காட்டும்போது மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைபோல இருக்கும். கன்னத்திலோ மூக்கிலோ வெள்ளைப் புள்ளி தெரிந்தால் குளிர் தோலைக் கடிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். மரத்துப் போவதால் அது அவருக்கே தெரியாது. அதனால் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். பனியால் தேய்க்கக்கூடாது. சூடான வெறும் உள்ளங்கையை மெதுவாகப் பொத்தி வைக்கவேண்டும்.

உணவுக்குழு பட்டியல் போட்டபோது முதலில் கேட்டது, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதைத்தான். பன்றியிறைச்சி உண்ணாதவர், மச்சம் தொடாதவர், கடலை ஒத்துக்கொள்ளாதவர் எல்லோருக்கும் இடமிருந்தது. பாணும் வெண்ணெய்க்கட்டியும், சுடுபோத்தலில் கொக்கோ, தோடம்பழம், சொக்கிலேற். குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் குடிக்கவேண்டும்.

மருந்துக்குழுவில் இருந்த பெண்பிள்ளைகள் ஒரு காரியம் செய்தார்கள். மாதவிடாய்க்குத் தேவையானவற்றை ஒரு சிவப்புப் பையில் போட்டு, அது பெண் ஆசிரியையின் முதுகுப்பையில் மேல் அறையில் இருக்கும், கேட்காமலே எடுக்கலாம் என்று எல்லோருக்கும் அறிவித்தார்கள். ஆண்பிள்ளைகளும் இருந்த வகுப்பறையில்தான் அறிவித்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. இடம்பெயர்ந்து பாடசாலைக் கட்டடங்களில் தங்கியிருந்த நாட்களில் இதற்காக நாம் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது விதிகள்

நோர்வேக்காரருக்கு மலை ஒழுக்க விதிகள் ஒன்பது உண்டு. மலைச் சுற்றுலாச் சங்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து 1952இல் இவற்றை உருவாக்கின. 1967ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் 18 பேர் மலைகளில் இறந்துபோனதும் பெரும் பிரசாரம் செய்து விதிகளை வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். மலைக்குப் போகிறவர்கள் தவறாமல் எடுத்துச்செல்லும் ஒரு சொக்கிலேற்றின் உறையின் உட்புறத்திலும் அதே ஆண்டிலிருந்து அச்சிட்டார்கள். 2016இல் விதிகள் காலத்துக்கேற்பத் திருத்தப்பட்டன.

பயணத்தைத் திட்டமிட்டு, எங்கே போகிறோம் என்பதைப் பிறருக்குச் சொல்வது, நம் பலத்துக்கும் அன்றைய நிலைமைக்கும் ஏற்ற பாதையைத் தெரிவது, காலநிலை அறிவித்தலைக் கவனிப்பது, பிறருக்கும் உதவக்கூடிய பொருட்களைக் கொண்டுபோவது என்று அவை செல்கின்றன. அவற்றில் எட்டாவது விதிதான் மிகவும் பேர்பெற்றது. நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது அதன் கருத்து.

பாதைக்குழு இந்த விதிகளை வைத்துக்கொண்டே வரைபடத்தில் கோடு கீறியது. 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளில் பனிப்பாளம் சரிந்து விழக்கூடும். அச்சரிவின் மேல் போவது மட்டுமல்ல, அதன் அடிவாரத்தால் போவதும் ஆபத்து. ஒன்று முதல் ஐந்து வரையான படிகளில் அன்றாடம் வெளியாகும் பனிச்சரிவு எச்சரிக்கையைக் காலையில் பார்ப்பது காலநிலைக் குழுவின் பொறுப்பு.

இவ்வளவையும் கேட்டபின் வீட்டுக்கு வந்து கையெழுத்திட்டேன்.

மலையில்

2019 மாசி நடுப்பகுதியில் ஒஸ்லோவிலிருந்து ரயில் ஏறினோம். 1909இல் திறக்கப்பட்ட பேர்கன் பாதையில் ஏறத்தாழ மூன்றரை மணித்தியாலப் பயணம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீற்றர் உயரத்திலுள்ள யெய்லோ என்ற ஊரில் இறங்கினோம். முதல்நாள் ஐந்து கிலோமீற்றர் மட்டும். உடம்பைப் பழக்குவதற்கு அது போதும்.

அன்று இரவு மாலைப்பொழுதுக் குழு வினாவிடைப் போட்டி நடத்தியது. கேள்விகளெல்லாம் பெண்களைப் பற்றியவை. 1862இல் த்ரீசில் என்ற ஊரில் இங்ரிட் ஊல்ஸ்டாட்டர் வெஸ்ற்பி என்ற பெண் பலகையில் பாய்ந்து காட்டினார். ஆனாலும் பனிப்பாய்ச்சலில் பெண்களுக்கு ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது 2014இல்தான். நெடுந்தூரச் சறுக்கலில் பெண்களை முதன்முதலாகச் சேர்த்தது 1952இல், ஒஸ்லோவில் நடந்த ஒலிம்பிக்கில். இதையெல்லாம் பிள்ளைகள் பழைய அநியாயக் கதைபோல ஆச்சரியத்தோடு கேட்டார்கள்.

இரண்டாம் நாள்தான் பெரிய நடை. ஆறு கிலோமீற்றர் தொலைவிலுள்ள மலைக்குடிலுக்குப் போய், மதியம் சாப்பிட்டுத் திரும்புவது. 1868இல் தொடங்கப்பட்ட மலைச் சுற்றுலாச் சங்கத்தின் குடில்கள் நாடெங்கும் உள்ளன. பலவற்றில் காவலாளி இல்லை. தட்டுகளில் உணவு அடுக்கியிருக்கும். வேண்டியதை எடுத்து, கணக்கை நாமே எழுதி, பணத்தைச் செலுத்தவேண்டும். யாரும் பார்ப்பதில்லை. அப்படி ஓர் இடம் உலகத்தில் இருக்குமா என்று என் மகள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைப் பார்ப்பதே அவளுடைய ஆசை.

மிக மெதுவாகப் போகிறவர்களை முன்னால் விட்டார்கள். ஆகவே நானும் சோமாலியப் பிள்ளையும் ஆசிரியைக்கு அடுத்தபடி. நன்றாக ஓடத்தெரிந்த மாணவன் ஒருவன் மினுங்கும் மேலங்கியோடு கடைசி ஆளாக வந்தான். அவனுக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளைகள் தாங்களே ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினார்கள். அந்த எண்ணிக்கை 22இல் முடியும்வரை என் மூச்சு ஒழுங்காக வராது.

திரும்பிய நேரம்

பகல் பன்னிரண்டரை மணிக்குக் குடிலை அடையாவிட்டால் திரும்பவேண்டும் என்பது முதலே எழுதிவைத்த முடிவு. மாசியில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். பதினொன்றே முக்காலுக்குக் காற்று எழும்பியது. புயல் அல்ல, ஆனால் நிலத்துப் பனியை வாரி முகத்தில் எறியும் காற்று. ஒரு மாணவனின் கன்னத்தில் வெள்ளைப் புள்ளியை அவனுடைய இணையாள் கண்டுபிடித்தாள். உடனே காற்றுப் புகாத பெரிய துணிப்பைகளை விரித்து, ஏழெட்டுப் பேராக அவற்றுக்குள் குந்தியிருந்தோம். சில நிமிடங்களிலேயே மூச்சுச் சூட்டில் உள்ளே கதகதப்பாகிவிட்டது. அவனுடைய கன்னமும் சிவந்து வந்தது.

வெளியே வந்தபோது மணி 12:20. குடிலுக்கு இன்னும் ஒன்றரைக் கிலோமீற்றர். ஆசிரியை மற்ற இருவரோடும் ஒரு நிமிடம் கதைத்துவிட்டு, “திரும்புகிறோம்” என்றார்.

பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். ஒருவன் தடியைப் பனியில் குத்தினான். என் மகளின் முகம் வாடிப்போயிற்று. எண்ணிக்கொண்டோம், திரும்பினோம்.

மூன்று மணிக்கு நாங்கள் விடுதியை அடையும்போது காற்று அடங்கி, மலைமேல் நல்ல வெயில் எறித்தது! “பார்த்தீர்களா, போயிருக்கலாம்” என்று ஒரு மாணவி ஆசிரியையிடம் கேட்டே விட்டாள். அங்கே மாணவர்கள் ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கேள்வியும் அப்படித்தான் நேராக வரும். ஆசிரியை கோபிக்கவில்லை. “ஆம், போயிருக்கலாம். ஆனால் 12:20க்கு அது நமக்குத் தெரியாது. தெரிந்ததை வைத்துத்தான் முடிவெடுக்கலாம்” என்றார். பிறகு எல்லோருக்கும் வாஃபிள் சுட்டுத் தந்தார்.

அன்று இரவு யாழ்ப்பாணத்திலிருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “அண்டைக்கு நான் திரும்பி நடக்கேக்கை எல்லாரும் என்னைப் பேசினவை பிள்ளை” என்றார்.

அன்று நாவற்குழியில் நாலு பேரையும் ஒரு மரத்தடியில் இருத்திவிட்டு, வருகிற சனத்துக்கு எதிராக அம்மா ஒருவராகத் திரும்பி நடந்தார். பைத்தியமா என்று கேட்டவர்கள் உண்டு, வழியை மறைக்கிறாள் என்று ஏசியவர்கள் உண்டு. விடியும் நேரத்தில் தம்பியின் கையைப் பிடித்தபடி வந்தார். அயல்வீட்டுக் குடும்பமொன்று அவனை ஒரு மதகடியில் வைத்திருந்திருக்கிறது. முழு ஊரும் ஒரு பக்கம் போகும்போது திரும்பி நடக்க எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை, பனிமலையில் இருந்த அந்த இரவில்தான் நான் சரியாக விளங்கிக்கொண்டேன். அம்மாவிடம் அதைச் சொன்னேன். “விடு பிள்ளை, குளிருக்குள்ளை நில்லாதை” என்றார்.

என் மகள் 2022 பங்குனியில் தோழிகளோடு அதே குடிலுக்குப் போனாள். ஒரு தகரப் பேணி மீனும் பிஸ்கட்டும் எடுத்துவிட்டுக் கணக்கெழுதிய தாளைப் படம்பிடித்து எனக்கு அனுப்பினாள்.

நமக்கும் உதவக்கூடியவை

சகோதரிகளே, நம் மண்ணில் பனியில்லை. ஆனால் நாமும் பிள்ளைகளைப் பாடசாலைச் சுற்றுலாவுக்கு அனுப்புகிறோம். மாதர் சங்கமாகப் படகேறி நயினாதீவுக்குப் போகிறோம், பஸ் பிடித்துத் திருக்கேதீச்சரத்துக்கும் மடுவுக்கும் போகிறோம். அந்த வகுப்பிடம் நான் கற்றவற்றில் சிலவற்றை நாமும் கைக்கொள்ளலாம்.

போகும் பாதை, போகிறவர்களின் பெயர், திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதி வீட்டில் நிற்கும் ஒருவரிடம் கொடுங்கள்.

யாருக்கு என்ன நோய், என்ன மருந்து என்பதைப் புறப்படுமுன் கேட்டு எழுதுங்கள்.

மெதுவாக நடப்பவர் முன்னால், பொறுப்பான ஒருவர் கடைசியாக. ஒவ்வொரு தரிப்பிலும் தலையெண்ணுங்கள். இரண்டு இரண்டு பேராகச் சோடி சேர்த்துவிட்டால் எண்ணுவது சுலபம்.

பணமில்லாத பிள்ளை பின்தங்காதபடி பொதுப்பெட்டி ஒன்றை முன்கூட்டியே தொடங்குங்கள்.

எந்த நேரத்துக்குப் பிறகு முன்னேறுவதில்லை என்பதை வீட்டிலிருக்கும்போதே முடிவுசெய்யுங்கள். கடல் கொந்தளிக்கும்போதோ ஆற்றில் வெள்ளம் ஏறும்போதோ அங்கு நின்று விவாதிக்க நேரமிராது. அந்த நேரம் வந்தால், இன்னும் கொஞ்சத் தூரந்தானே என்று யார் சொன்னாலும் திரும்பிவிடுங்கள். பிறகு வெயில் எறித்தாலும் அதற்காக வருந்தவேண்டாம்.